நகர்ந்துகொண்டே இருந்த எல்லைக்கல்

நேற்று வரை உங்கள் வீட்டு வாசலாக இருந்த இடம், இன்று விடிந்ததும் முதலையின் சாப்பாட்டுத் தட்டாகிவிட்டால் என்ன செய்வீர்கள், கண்ணுகளா?

ஒரு காட்டில் எந்தப் பெயரும் ஓரிடத்தில் நிற்காது. காலையில் ராஜா என்றால் யானை. வெயில் ஏறினால் ராஜா என்றால் பன்றி. ஒருநாள் ஆமைக்குப் பலாப்பழம் என்று பெயர் வைத்தார்கள். கரடி பிளக்க வந்தபிறகுதான் ஆமை அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது.

வெள்ளச்சி முயலுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, குளத்தங்கரை எல்லைக்கல் நகரத் தொடங்கும் வரை.

கல்லுக்குத் தண்ணீர்ப் பக்கம் இருப்பவர் முதலைக்கு இரை. மேட்டுப் பக்கம் இருப்பவரை அது தொடக் கூடாது. இதுதான் பேச்சு. ஆனால் முதலை வாலால் ஒரு தட்டுத் தட்டினால் கல் மேட்டுப் பக்கம் உருளும். உருண்ட இடமே அன்றைய எல்லை.

“கல் என் வளைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உள்ளே என் குட்டிகள் இருக்கின்றன” என்று கூட்டத்தில் முறையிட்டது வெள்ளச்சி.

கரடி சுண்ணாம்பு எடுத்து, கல்லின் மேல் கொட்டை எழுத்தில் ‘மாறாதது’ என்று எழுதியது.

மறுநாள் கல் இன்னும் நகர்ந்திருந்தது.

“எழுத்தை நான் தொட்டேனா? ஒரு புள்ளியாவது அழிந்திருக்கிறதா, பார்” என்றது முதலை.

“அதுவும் சரிதான்” என்று தன் கையெழுத்தை ரசித்தது கரடி.

அடுத்து ஆள்காட்டிக் குருவியைக் காவலுக்கு வைத்தார்கள். முதலை கல்லைத் தட்டியதும், “மாறாதது மாறுது, மாறாதது மாறுது” என்று அது காட்டையே எழுப்பியது. எல்லாரும் எழுந்து கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்கள்.

“நீ தடுக்கக் கூடாதா?” என்று கேட்டது வெள்ளச்சி.

“சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். தடுக்கவும் சொன்னீர்களா?” என்றது குருவி.

இப்போது கல் வளை வாசலை ஒட்டிக் கிடந்தது.

“நாளைக்கு விருந்துக்கு வருகிறேன், வெள்ளச்சி. இலை மட்டும் போட்டு வை” என்றது முதலை.

வெள்ளச்சி அழவில்லை. குளத்து விளிம்பில் பாதி புதைந்து கிடந்த பெரும்பாறையைப் பார்த்தது.

“வருகிறது இருக்கட்டும், மாமா. உங்கள் தகுதிக்கு இந்தக் கூழாங்கல்லா எல்லை? அந்தப் பாறையை எல்லையாக்கி, ‘முதலையார் பாறை’ என்று பெயர் வைத்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்.”

முதலைக்கு உச்சி குளிர்ந்தது. ‘நகர்த்தப் போகிறவன் நான். கல்லானால் என்ன, பாறையானால் என்ன’ என்று நினைத்துக்கொண்டு, “என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுது” என்றது. காடே கூடிப் பேச்சை முடித்தது.

விடிந்தது. முதலை வாலால் பாறையைத் தட்டியது. வால் வீங்கியது. மூக்கால் முட்டியது. ஒரு பல் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்த குருவி, சொல்ல ஒன்றுமில்லாமல் சிறகுக்குள் தலையை வைத்துத் தூங்கிப்போனது.

பாறைக்கு இந்தப் பக்கம் தேங்கிக் கிடந்த தண்ணீரை வெள்ளச்சியின் குட்டிகள் நிம்மதியாகக் குடித்தன.

மூச்சு வாங்க, பாறைக்கு மேலே தலையை நீட்டியது முதலை.

“வெள்ளச்சி, நீ நல்லவளாச்சே. அந்தப் பக்கம் நின்று லேசாக ஒரு இழுப்பு இழுத்து விடேன்.”

நீதி: மாறாதது என்று எழுதி வைத்தால் போதாது, மாற்ற முடியாதபடி வைக்க வேண்டும்.