நாலு கால் சேவல்

பனங்காட்டு ஓரத்துக் கோழிகளுக்குத் திடீரென்று அழகுப் போட்டி நடத்தும் ஆசை வந்தது. அசல் இனச் சேவல் எது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஜெயிக்கிற சேவல்தான் அன்று முதல் கூண்டுக்குத் தலைவன். உள்ளே வாசலை அடைத்துப் படுத்துக் காவல் காப்பதும் அவனே.

நடுவராக வந்தது ஒரு கொழுத்த வான்கோழி.

"கிளிமூக்கு! விசிறிவால்! வலுவான கால்! அமரும் அழகு! இதுதான் சட்டம். இதுக்கு மேல ஒண்ணும் கேட்காதீங்க!" என்றது.

சாம்பாத்தி என்ற சாம்பல் நிறக் கோழி, குஞ்சுகளோடு சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். வான்கோழி அவளையும் விடவில்லை.

"இது வாலா, தேய்ஞ்ச துடைப்பமா? நீயெல்லாம் கோழின்னு வெளியில சொல்லாதே!"

சாம்பாத்திக்குச் சுருக்கென்றது. குஞ்சுகள் முன்னால் இப்படியா சொல்வது!

சேவல்கள் வரிசையாக வந்தன. ஒன்றுக்கு மூக்கு நேராக இருக்கிறதாம். இன்னொன்றுக்கு வாலில் ஓர் இறகு குறைகிறதாம். எல்லாம் தள்ளுபடி!

கடைசியாக ஒரு புதுச் சேவல் வந்தது. அது சேவலே இல்லை, நரி! வளைந்த சிவப்புப் பூ இதழைக் கருவேலம் பிசினால் மூக்கில் ஒட்டியிருந்தது. உதிர்ந்த மயிலிறகுகளை வாலில் கட்டியிருந்தது.

"அடடா, என்ன கிளிமூக்கு! என்ன விசிறிவால்!" என்று வான்கோழி சொக்கிப்போனது.

"ஐயா, இவருக்கு நாலு கால் இருக்கே!" என்றாள் சாம்பாத்தி.

"வலுவான கால்னுதான் சட்டம். எத்தனைன்னு சொல்லலை!"

"பல்லு இருக்கே!"

"பல்லு இருக்கக் கூடாதுன்னு எங்கே இருக்கு?"

கூட்டத்துக்கும் சந்தேகம்தான். ஆனால் படித்த நடுவர் சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? நரி குஞ்சுகளைப் பார்த்து எச்சில் விழுங்கியது. அவை ஓடிவந்து தாயின் சிறகுக்குள் புகுந்துகொண்டன.

இன்றிரவு இவன் கூண்டுக்குள் படுத்தால் விடியும்போது ஒரு குஞ்சும் மிஞ்சாது! சாம்பாத்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். சட்டத்தைச் சட்டத்தால்தான் மடக்க வேண்டும்.

"அமரும் அழகைப் பார்க்கவே இல்லையே, ஐயா! அதோ, அந்த முருங்கைக் கிளையில ஏறி உட்காரட்டும்!"

"ஆமாம், சட்டம்னா சட்டம்தான்! ஏறப்பா!" என்றது வான்கோழி.

முருங்கையை நம்பி ஏற நரி என்ன வேதாளமா? தாவி ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், கிளை மளுக்கென்று முறிந்தது. நரி தொப்பென்று விழுந்தது. மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்!

"ஐயோ, நரி!"

கோழிகள் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு கூண்டுக்குள் பாய்ந்தன. வான்கோழி மட்டும் நின்ற இடத்திலேயே, "வால் கழன்றது, மார்க் குறைவு..." என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நரி ஒரே கவ்வு! நல்ல வேளை, வான்கோழிக்கு வால் இறகுகள் மட்டும்தான் போயின. இடுப்பு பிடித்துக்கொண்ட நரி, வாய் நிறைய இறகோடு நொண்டி நொண்டி ஓடியது.

வான்கோழி நடுங்கிக்கொண்டு கூண்டு வாசலுக்கு வந்தது. "அம்மா, கொஞ்சம் இடம் கொடு!"

சாம்பாத்தி அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"வாலே இல்லையே, ஐயா! கோழி இனம்னு வெளியில சொல்லாதீங்க!" என்று சொல்லிவிட்டு, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

மூக்கையும் வாலையும் மட்டும் அளந்து பார்ப்பவன், எதிரே நிற்பவன் யார் என்பதைப் பார்க்காமல் ஏமாந்து போவான்.