முள் மடங்கும் கல்

ஒரு காட்டில், மற்ற விலங்குகள் சோம்பல் முறித்து எழும் நேரத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. அதன் பெயர் சடையன். முயல் வளைகளுக்குக் காவல் இருப்பது அதன் வேலை. இரவு முழுக்க முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நரியை விரட்ட வேண்டும். லேசான வேலை இல்லை, குழந்தைகளே!

அந்தக் காட்டு முள்ளம்பன்றிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வளை வாசலிலும் ஒரு தட்டைக் கல் கிடக்கும். வேலைக்குப் போய் வந்தவர் அதன்மேல் நின்று, இளைப்பாறி, முள்ளெல்லாம் மடங்கிய பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும். சடையனுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

"கொஞ்சம் கல்லுல நின்னுட்டு வாங்களேன்," என்றது மனைவி.

"ராத்திரி முழுக்க நரிகூட மல்லுக்கட்டிட்டு வர்றேன். என் வீட்டுக்குள்ள வர நான் வாசல்ல காத்து நிக்கணுமா?" என்று சீறியது சடையன்.

முயல்களிடம் அது ஒரு நாளும் இப்படிச் சீறியதில்லை. அவை புகழ்ந்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும்.

அதன் மகள் குன்றி மிகச் சின்னது. முள்கூட இன்னும் புல்லைப் போல மெத்தென்றுதான் இருந்தது. தினமும் ஒரு விளாம்பழத்தைத் தின்னாமல் எடுத்து வைத்திருந்து, "அப்பா!" என்று ஓடிவரும். வந்த வேகத்தில் அப்பாவின் முள் குத்தும்.

"யாரு உன்னைக் குறுக்க வரச் சொன்னது?" என்று சடையன் அதட்டும்.

குன்றி அழாமல் மூக்கை நக்கிக்கொண்டு தள்ளிப் போகும். கொஞ்ச நாளில் அது ஓடிவருவதை நிறுத்திவிட்டது. சடையன் அதைக் கவனிக்கவே இல்லை.

ஒருநாள் இரவு நரி இரை தேடி வேறு காட்டுக்குப் போயிருந்தது. அன்று சடையனுக்கு வேலையே இல்லை. முள்ளெல்லாம் முதுகில் படிந்திருக்க, வழியில் ஒரு விளாம்பழத்தைக் கவ்விக்கொண்டு ஆசையாக வீட்டுக்கு வந்தது. பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "குன்றி! அப்பா என்ன கொண்டுவந்திருக்கேன் பாரு!" என்று கூப்பிட்டது.

வளையின் கடைசி மூலையில் குன்றி முதுகைக் காட்டி நின்றது. அதன் முள் அத்தனையும் விறைத்து நின்றது. இப்போது அது மெத்தென்று இல்லை.

"என்னம்மா, நரி வந்துச்சா?" என்று பதறியது சடையன்.

"இல்லப்பா," என்றது குன்றி. "உங்க காலடிச் சத்தம் கேட்டுச்சு."

சடையன் அப்படியே பின்வாங்கி வாசலுக்குப் போனது. மறுநாள் முதல் அது கல்லின்மேல் நின்று, கடைசி முள்ளும் மடங்கிய பிறகே உள்ளே போனது. குன்றியும் பழத்தை வாங்கிக்கொண்டது. ஆனால் அப்பா பக்கத்தில் வந்தால் அதன் முள் தானாக எழுந்து நின்றது.

நீதி: வேலையில் ஏறிய சினத்தை வாசலிலேயே இறக்கி வையுங்கள்; பிள்ளை மனத்தில் குத்திய முள்ளைப் பிறகு எடுப்பது கடினம்.