தகுந்த கோணம்

பொள்ளாச்சிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்தாறு. அவருக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்த சுலோசனா டீச்சருக்கு நாற்பத்திரண்டு. வேறொருவரை வைத்து எழுதிக்கொள்ளச் சென்னியப்பனுக்கு மனம் வரவில்லை. முன்பு செய்த ஓர் எந்திரத்தை ஆறே மாதத்தில் நான்கு பட்டறைக்காரர்கள் காப்பியடித்துவிட்டார்கள்.

இப்போது செய்திருப்பது தேங்காய் உரிக்கும் எந்திரம். ஓடு உடையாமல் மட்டை மட்டும் கழன்று வரும். பதினொரு வருட உழைப்பு. சூட்சுமம் முழுவதும் கத்தியின் சாய்வில் இருந்தது. கத்தி பொருத்தும் நாளில் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்.

விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டே வந்த டீச்சர் ஒரு வரியில் நின்றார்.

"'கத்தி தகுந்த கோணத்தில் சாய்ந்திருக்கும்.' எவ்வளவு கோணம்?"

"அதான் தகுந்த கோணம்னு போட்டிருக்கேனுங்களே."

டீச்சர் வாதாடவில்லை. "உங்க அந்தோணிகிட்ட இந்தக் காகிதத்தைக் கொடுத்து எந்திரம் செய்யச் சொல்லுங்க. நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

அந்தோணி அவரிடம் பதினெட்டு வருடமாக லேத் ஓட்டுகிறவர். ஒன்பது நாள் மல்லாடினார். நாற்பது தேங்காயில் முப்பத்தொன்று உடைந்தது.

"ஊருக்கே சட்னி அரைச்சுரலாமுங்க முதலாளி" என்றார் அந்தோணி.

சென்னியப்பன் டீச்சரிடம் போனார். "பாத்தீங்களா, அந்தோணியாலயே முடியல." சொல்லும்போது அவருக்கே ஏனோ சந்தோஷம் வரவில்லை.

"அப்படின்னா நீங்க எதையும் சொல்லலை. எழுதிச் சொன்னதுக்குத்தான் இருபது வருசம் உரிமை கொடுப்பாங்க, சொல்லாததுக்குக் கிடைக்காது. கிடைச்சாலும், இந்த ஒரு வரியைக் காட்டி எவனாவது ரத்து பண்ணிடுவான்."

"சொன்னா, அதை எல்லாரும் பாக்கற மாதிரி வெளியிடுவாங்க. நாளைக்கே எவனாவது படிச்சுப்போட்டுச் செய்வானுங்களே."

"செய்வான். வழக்குப் போட உங்களுக்கு உரிமை இருக்கும். அவ்வளவுதான்."

"அதுக்குக் கோர்ட்டு வாசல்ல நானே நிக்கோணும்."

"நிக்கணும்."

"இருபது வருசம் கழிச்சு?"

"யார் வேணா செய்யலாம்."

சென்னியப்பனுக்கு அலுப்பாக இருந்தது. பதினொரு வருடம் கதவைச் சாத்திக்கொண்டது, கடைசியில் இப்படி எழுதிக் கொடுக்கத்தானா?

"எனக்குன்னு என்னங்க டீச்சர் மிச்சம்?"

டீச்சர் வேறெதையோ கேட்டார். "கத்திக்குப் பின்னால ஒரு ஸ்பிரிங் இருக்கே, அது உங்க யோசனையா?"

"இல்லீங்க. நீங்க தேடிக் கொடுத்த பழைய காப்புரிமையில இருந்துது. காலம் முடிஞ்சது. ஆரோ கரும்பு எந்திரத்துக்குச் செஞ்சது."

"கம்பி எவ்வளவு தடிமன்னு எழுதியிருந்தாரா?"

"எழுதியிருந்தாருங்க."

"எத்தனை சுத்து?"

"அதையும்."

"எவ்வளவு சூட்டுல பதம் ஏத்தணும்னு?"

சென்னியப்பன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாமே எழுதியிருந்தாருங்க. எந்தெந்தச் சூட்டுல உடைஞ்சுதுன்னு கூட."

பேனாவை எடுத்தார். 'தகுந்த' என்பதை அடித்தார். கை அங்கேயே நின்றது.

"அந்த மனுசன் பேர் என்னங்க டீச்சர்?"

"எனக்கும் ஞாபகமில்லை. ஸ்பிரிங் நல்லா வேலை செய்யுதில்ல?"