காலிப் பானைத் தீர்ப்பு

வாம மார்க்க மடம் ஒன்றில் இரண்டு சாமியார்கள். "உலகம் மொத்தமும் அழியணும், மறுபடி எதுவுமே உண்டாகக் கூடாது" என்பார் உக்கிரானந்தர். "அழியட்டும்; என் சங்கல்பத்தாலேயே புது உலகத்தை ஆக்கிக் காட்டுவேன்" என்பார் சண்டானந்தர். வாதம் முடிகிற வழியாக இல்லை. சமையல்காரி காத்தாயி மாட்டிக்கொண்டாள்.

"யார் சொல்றது சரி? மத்தியானத்துக்குள்ள சொல்லலேன்னா உன்னைச் சாம்பலாக்கிடுவோம்!"

மத்தியானம் இருவருக்கும் நடுவில் கழுவின பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சோத்தை மொத்தமா மாட்டுக்குப் போட்டாச்சு சாமி. இந்தப் பானையில தானா சோறு உண்டானா சண்டானந்த சாமி ஜெயிச்சாரு. உண்டாகலேன்னா உக்கிரானந்த சாமி ஜெயிச்சாரு. பார்த்துக்கிட்டே இருங்க."

பார்த்தார்கள். பொழுது சாய்ந்தது. பானை காலியாகவே இருந்தது. ஜெயித்துக்கொண்டிருந்த உக்கிரானந்தர்தான் முதலில் கத்தினார்:

"அடியே காத்தாயி, நீயாவது சீக்கிரம் ஆக்கித் தொலையேன்!"