குழிக்குள் மணத்த புனுகு

மலையடிவாரக் காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றியும் அவள் கணவன் கூரனும் இருந்தார்கள். மலைச்சரிவில் அவர்களுக்கு ஒரு குகை. குகை நல்ல குகைதான். ஆனால் சுற்றிலும் பாறை. ஒரு கிழங்கைத் தோண்டி எடுப்பதற்குள் முள்ளிக்கு நகம் தேய்ந்துவிடும்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. தோண்டுவது முள்ளி. முதல் கடி கூரனுக்கு. ஆசையால் அல்ல. கிழங்கு கசக்கிறதா, நாக்கு நமைக்கிறதா என்று கூரன் மென்று பார்ப்பான். "ம், தின்னு" என்று அவன் சொன்ன பிறகுதான் முள்ளி வாய் வைப்பாள்.

கீழே ஓடைக்கரையில் புனுகுப்பூனையின் நிலம் இருந்தது. காட்டில் அவனுக்குத் தனி மரியாதை. அவன் நடந்து போன வழியெல்லாம் மணக்கும். அதைவிட முக்கியம், வாரம் தவறாமல் எல்லாருக்கும் மீன் கொடுப்பான். "எப்படி இவ்வளவு மீன் பிடிக்கிறீங்க?" என்று கேட்டால், "எல்லாம் கைராசி" என்பான். தின்றவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. வாயில் மீன் இருக்கும்போது யாருக்குக் கேள்வி வரும்?

ஒருநாள் புனுகுப்பூனை மலையேறிக் குகை வாசலுக்கு வந்தான்.

"முள்ளி, எனக்கு வயசாகுது. ஓடை ஈரம் உடம்புக்கு ஒத்துக்கலை. உன் குகையை எனக்குக் கொடு. என் நிலத்தை நீ எடுத்துக்கோ."

முள்ளியால் நம்பவே முடியவில்லை. பாறைக்குப் பதிலாக ஓடைக்கரை மண்ணா? உடனே கூரனை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மண் பொலபொலவென்று இருந்தது. முகர்ந்தால் கமகமவென்று வாசம் வந்தது.

"பாருங்க, மண்ணே மணக்குது" என்றாள்.

கூரன் மூக்கைச் சுளித்தான். "மண்ணுன்னா மண்ணு வாசந்தான் வரணும். இது என்னமோ கல்யாண வீடு மாதிரி மணக்குது."

"உங்களுக்கு எதுலயும் ஒரு நொட்டை. நகம் தேயறது எனக்குத்தானே?"

கூரன் விட்டுக்கொடுத்தான். மனைவியின் நகத்தை அவனும் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்.

அந்தக் காட்டில் நிலத்துக்குப் பத்திரம் கிடையாது. வாசம்தான் பட்டா. நான்கு மூலையிலும் நிற்கும் எல்லை மரங்களில் யார் உடலைத் தேய்த்துத் தன் வாசத்தைப் பதிக்கிறார்களோ, நிலம் அவர்களுடையது. அதனால் நீதிபதியாக இருப்பவருக்கு வேண்டிய தகுதி மூக்கு. கரடிதான் அங்கே நீதிபதி.

மூன்று நாள் முள்ளியும் கூரனும் எல்லை மரங்களில் உடலைத் தேய்த்தார்கள். நான்காம் நாள் கரடி வந்து மரங்களை முகர்ந்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"மண் எவர் வாசத்தில் இருக்கிறதோ, அந்த மண்ணால் வரும் நன்மையும் கெடுதலும் அவரையே சேரும்."

நன்மை என்றது மட்டும்தான் முள்ளியின் காதில் விழுந்தது.

முதல் கிழங்கைத் தோண்டினாள். கூரன் கடித்தான்.

"லேசாக் கசக்குது."

"புது மண்ணு. போகப் போகச் சரியாயிடும்."

"அப்படின்னா நீ இன்னிக்குத் தின்ன வேண்டாம். நாளைக்குப் பாப்போம்."

மறுநாளும் கசந்தது. அதற்கடுத்த நாளும் கசந்தது. முள்ளி கீழே விழுந்த அத்திப் பழங்களைத் தின்றுகொண்டு காத்திருந்தாள். கூரன் மட்டும் தினம் ஒரு கடி கடித்துப் பார்த்தான். பத்து நாளில் பத்துக் கடி. பதினோராம் நாள் அவனுக்குப் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. படுத்தவனால் எழுந்திருக்க முடியவில்லை.

அந்த வாரம் என்றுமில்லாத மழை கொட்டியது. நிலத்தில் விழுந்த தண்ணீர் கறுப்பாக வழிந்து ஓடையில் இறங்கியது. ஓடைக்குக் கீழே இருந்த குட்டையில் தவளைகள் வயிறு மேலாக மிதந்தன. மிஞ்சிய ஒரே கிழத்தவளை கரடியிடம் வந்து அழுதது.

"நேத்துவரைக்கும் நூறு பேர் இருந்தோம் சாமி. இன்னிக்கு நான் ஒருத்தன்தான்."

காடே ஓடைக்கரையில் கூடியது. கரடி எல்லை மரங்களை முகர்ந்தார். நான்கிலும் முள்ளியின் வாசம்.

"முள்ளி, இது உன் மண். இதை நீதான் சுத்தம் செய்ய வேண்டும். கெட்ட மண்ணையெல்லாம் தோண்டி, தண்ணீர் ஓடாத மேட்டுப் பாறைப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டு. அது முடியும்வரை, மண் கொட்டப் போவதற்கும் என்னிடம் வருவதற்கும் தவிர, நீங்கள் இருவரும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

"சாமி, நாங்க வந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகலை. இந்த நஞ்சு எங்களுது இல்லை."

புனுகுப்பூனை முன்னால் வந்தான். குரலில் அவ்வளவு வருத்தம். "நான் கொடுத்தபோது மண் எப்படி மணந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பாவம், என்ன செஞ்சு கெடுத்தாளோ."

எல்லாரும் தலையாட்டினார்கள். அன்று காலையில்தான் அவன் கொடுத்த மீன் வந்திருந்தது.

"இது வேற யாரோ புதைச்சதுன்னு நான் காட்டினா?" என்று முள்ளி கேட்டாள்.

"என் மூக்குக்குத் தெரிந்தால் ஏற்றுக்கொள்கிறேன்" என்றார் கரடி. நியாயமாகத்தான் பேசினார். ஆனால் தானே குனிந்து தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

முள்ளி தோண்டினாள். மண்ணைத் தேக்கிலையில் பொதிந்து, பல்லால் கவ்வி, மேட்டுக்குச் சுமந்தாள். உதடு வெந்தது. முதுகிலிருந்து முட்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. ஒவ்வொரு நடைக்கும் நடுவில் ஓடி வந்து கூரனைப் பார்த்தாள். சுத்தமான தண்ணீரும் மருந்து இலையும் மலை மேல் இருந்தன. இந்த வேலை முடியாமல் அவனை அங்கே கொண்டுபோக முடியாது.

"நான்தான் ஆசைப்பட்டேன்" என்றாள் ஒருநாள். "நீங்க அப்பவே சொன்னீங்க."

கூரன் சிரிக்கப் பார்த்தான். "கல்யாண வீடு நல்லாத்தான் இருக்கு. சாப்பாடுதான் சரியில்லை. நீ போய்த் தோண்டு."

ஆறாம் நாள் மண்ணுக்கு அடியில் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. நசுக்கிய எட்டிக்காயின் சக்கை. எட்டிக்காயை நசுக்கித் தண்ணீரில் கரைத்தால் மீன்கள் மயங்கி மிதக்கும் என்று முள்ளி கேள்விப்பட்டிருந்தாள். கைராசி என்றது இதுதானா!

இன்னும் தோண்டினாள். சக்கைக்குக் கீழே ஒரு அடுக்கு இலை. அதிலிருந்து குப்பென்று புனுகு வாசம் வந்தது. அதற்குக் கீழே மறுபடி சக்கை. மறுபடி புனுகு தடவிய இலை. அடுக்கடுக்காக அடிவரை அப்படியே இருந்தது. நாறும்போதெல்லாம் வாசத்தைத் தடவி மூடியிருக்கிறான்.

முள்ளி கரடியைக் கையோடு அழைத்து வந்தாள். காடும் பின்னாலேயே வந்தது. கரடி குழிக்குள் தலையை விட்டு வெகுநேரம் முகர்ந்தார்.

"புனுகுதான்" என்றார்.

புனுகுப்பூனை அசரவில்லை. "நான் இருந்த நிலம். என் வாசம் இல்லாம வேற யார் வாசம் இருக்கும்? பழைய எல்லை வாசம் மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும்."

கூட்டம் மறுபடி தலையாட்டியது. அதற்குத் தலையாட்டித்தான் பழக்கம்.

முள்ளி குழி விளிம்பில் நின்று கேட்டாள். "எல்லை போடறவன் மரத்துல தேய்ப்பான். இவர் எதுக்குச் சக்கைக்குள்ள தேய்ச்சார்? இறங்கின வாசம்னா மேலே இருந்து கீழே வரைக்கும் இருக்கணும். இது சக்கை ஒரு வரிசை, வாசம் ஒரு வரிசைன்னு எப்படி அடுக்கி வச்ச மாதிரி இறங்கிச்சு?"

புனுகுப்பூனைக்குக் கோபம் வந்தது.

"ஆமா, நான்தான் புதைச்சேன். யாருக்காக? எல்லாரும் மீன் தின்னீங்களே. எப்படி வந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

அது உண்மைதான். அதனால்தான் எல்லாருக்கும் அவன் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. கிழத்தவளை மட்டும் குட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்கு மீன் கிடைத்ததில்லை.

கரடி புனுகுப்பூனையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "நிலத்தைக் கைமாற்றலாம். குழியைக் கைமாற்ற முடியாது. தோண்டுவதும் சுமப்பதும் இனி உன் வேலை. மீன் தின்றவர்கள் எல்லாரும் தேக்கிலை கொண்டு வாருங்கள். குகை மறுபடி முள்ளிக்கு." சற்று நிறுத்தி, "முதலிலேயே நான் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

முள்ளி கடைசி வார்த்தையைக் கேட்க நிற்கவில்லை. கூரனிடம் ஓடினாள்.

"ஜெயிச்சுட்டோம். எழுந்திருங்க, மலைக்குப் போயிடலாம். நான் சுமந்துக்கிறேன்."

கூரன் எழுந்திருக்கவில்லை. உடல் இன்னும் சூடாக இருந்தது. அவள் கரடியை அழைக்கப் போயிருந்த நேரத்தில் உயிர் போயிருந்தது. முள்ளி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவனை அழைத்த பேரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள்.

கூரனை மலை மேல் அடக்கம் செய்த பிறகு முள்ளி தினமும் இறங்கி வந்து குழிக்கரையில் உட்கார்ந்தாள். புனுகுப்பூனை தோண்டினான். சக்கையின் நாற்றம் அவன் தோலில் ஊறி, புனுகு வாசமே போய்விட்டது. ஒருநாள் மேலே வந்து, "முடிஞ்சுது. மண்ணு சுத்தம்" என்றான்.

கரடி முகர்ந்து பார்த்தார். "எனக்கும் சுத்தமாகத்தான் தெரிகிறது."

"அப்படின்னா இந்த மண்ணுல ஒரு கிழங்கு விளையட்டும்" என்றாள் முள்ளி. "முதல் கடி தோண்டினவர் கடிக்கட்டும்."

கிழங்கு விளைந்தது. தோண்டி அவன் முன்னால் வைத்தார்கள். புனுகுப்பூனை அதைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். கிழங்கைத் தொடாமல் மறுபடி குழிக்குள் இறங்கித் தோண்ட ஆரம்பித்தான். அடியில் இன்னும் எவ்வளவு இருந்தது என்று அவனுக்குத்தானே தெரியும். கரடியின் மூக்குக்குக்கூடத் தெரியாதது அவன் பயத்துக்குத் தெரிந்தது.

இன்னும் நாற்பது நாள் தோண்டினான். மறுபடி கிழங்கு விளைந்தது. இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். மென்றான். விழுங்கினான். அன்று மாலைவரை எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இனிக்குது. நான் போகலாமா?"

"போ" என்றார் கரடி. அவன் இதுவரை மீன் பிடித்திராத வேறு காட்டைத் தேடிப் போனான்.

குட்டையில் எங்கிருந்தோ நான்கு தவளைகள் வந்து சேர்ந்திருந்தன. கிழத்தவளை அவற்றை எண்ணிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணியது.

முள்ளி மீதிக் கிழங்கைக் கையில் எடுத்தாள். மண் வாசம் மட்டும்தான் வந்தது. வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். "ம், தின்னு" என்று சொல்ல யாரும் இல்லை. நெடுநேரம் அப்படியே காத்திருந்தாள். பிறகு கிழங்கைக் கீழே வைத்துவிட்டு மலையேறினாள்.

தான் புதைத்த நஞ்சை வாசம் பூசி மூடி அடுத்தவர் தலையில் கட்டினாலும், ஒருநாள் அவரவர் கையாலேயே அதைத் தோண்டி எடுக்க வேண்டி வரும். ஆனால் அதற்குள் போன உயிரை எந்தத் தீர்ப்பாலும் தோண்டி எடுக்க முடியாது.