சங்கிலியை அறுத்த கழுதை

யானை மூன்றாம் முறையும் இழுத்துப் பார்த்துவிட்டுத் தும்பிக்கையைத் தொங்கப் போட்டது. சங்கிலி அறவில்லை.

“பார்த்தீர்களா அரசே!” என்றார் கொல்லுலைத் தலைவர் கொங்குராயர். “அன்னசாலையில் அறுந்த சங்கிலியின் மீதிதான் இது. யானைக்கு அசையாதது சோற்று அண்டாவுக்கா அறும்? அரம் போட்டு அறுத்திருக்கிறாள் சமையற்காரி.”

மருதவேலி நாட்டை அந்நாளில் ஆண்ட செழியங்கோ தலையசைத்தார். அவருடைய காலைக் கோபம் மாலைவரை இருப்பதில்லை. தண்டனை மட்டும் மாலைக்குள் நடந்துவிடும். அன்றைய கோபம் சமையற்காரி சிறியாள் மேல். அடுப்புக்கு மேல் சங்கிலியில் தொங்கிய அண்டா கொதிக்கக் கொதிக்க விழுந்ததில் அவள் கணவனே கால் வெந்து கிடந்தான். பொழுது சாய்வதற்குள் அவள் நாட்டைவிட்டுப் போக வேண்டும்; அவனைத் தூக்கிப் போக ஆளில்லை. அரசர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

“திருவிழாவுக்கு மூணு நாளா அடுப்பு அணையல சாமி,” என்றாள் சிறியாள். “அண்டா தினம் ஒரு விரக்கடை கீழே இறங்கிச்சு. சங்கிலி நீளுதுன்னு ராயர்கிட்டச் சொன்னேன்.”

“இரும்பு என்ன புடலங்காயா, கல் கட்டிவிட்டால் நீள?” என்றார் ராயர். அவை சிரித்தது.

அமைச்சர் பூதியார் சிரிக்கவில்லை. “அரசே, யானை பாவம், களைத்துவிட்டது. வாசலில் உப்புக்காரரின் கழுதை நிற்கிறது. அது அறுத்துக் காட்டும்.”

“கழுதை அறுத்தால் ஒரு மாதம் அன்னசாலையில் நான் அடுப்பு ஊதுகிறேன்!” என்றார் ராயர்.

“நல்லது. அன்னசாலையில் சங்கிலி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.”

“எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்!”

பூதியார் சங்கிலியின் ஒரு முனையைத் தூணில் கட்டினார். மறுமுனையில் கயிறு முடிந்து கழுதைக்குப் பூட்டினார். நடுவில் கரி குவித்துத் துருத்தி ஊதச் சொன்னார். இரும்பு செம்பருத்தியாய்ச் சிவந்து, பிறகு மஞ்சளித்தது.

“இது என்ன நியாயம்? தீயில் போட்டால்…” என்று ராயர் எழுந்தார்.

“பின்னே, அன்னசாலையில் நிலா வெளிச்சத்திலா தொங்கவிட்டீர்கள்?”

கழுதையின் முன்னால் ஒரு பிடி புல்லை நீட்டினார்கள். அது அவசரமில்லாமல் இரண்டடி வைத்தது. ஒரு வளையம் வெல்லப்பாகுபோல் நீண்டு, மெலிந்து, அறுந்தது.

கழுதை புல்லைத் தின்றது.

அரசர் இறங்கி வந்தார். “சிறியாள், நீ சொன்னதைக் கேட்காமல் நான்…” இப்போது அவள் முகத்தைப் பார்த்தார். “உன் வீட்டுக்காரனைப் பார்க்க என் வைத்தியர் வருவார். அன்னசாலை உன்னுடையது. இனி அடுப்புக்குப் போகும் இரும்பை அடுப்பில் வைத்துத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும். நீ சரி என்றால்தான் சரி. ராயரே…”

“ஊதுகிறேன் அரசே,” என்றார் ராயர், தரையைப் பார்த்து.

அவை வெடித்துச் சிரித்தது. சிறியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கும்பிட முன்னால் வந்தாள், வெறுங்காலோடு. அறுந்த வளையம் அவள் வழியில் கிடந்தது. சிவப்புப் போய்க் கறுத்திருந்தது, சூடு போகவில்லை. அரசர் செருப்பு நுனியால் அதை ஓரமாகத் தள்ளினார்.