பத்துக்கு ஏழு

புன்னைவிளை கைப்பந்து மைதானத்தில் பொன்னுலிங்கம் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மணி நாலரை. ஐந்து மணிக்குப் பயிற்சி.

முப்பது ஆண்டுகள் நடுவராக விசில் ஊதியவர். இப்போது விசில் இல்லை. கோடு போடுவது, வலை கட்டுவது, கிழிந்தால் தைப்பது எல்லாம் அவரே. யாரும் கொடுத்த வேலையில்லை. ஊரில் அவருக்கு ஆசான் என்று பெயர்.

ஏசுவடியான் வந்து எதிரில் மண்ணில் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. தபால் நிலையத்துக்கு மாற்றலாகி வந்து பதினெட்டு ஆண்டுகள். அன்றுமுதல் ஊர் அணி ஆடிய ஒரு ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் பொன்னுலிங்கம். தன்னைவிட நாலே வயது மூத்தவரை இன்றும் ஆசானே என்றுதான் கூப்பிடுவார்.

"ஆசானே, போர்டைப் பார்த்தீங்களா?"

"டீக்கடைப் பக்கம் போகல. நீரே சொல்லும்."

டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அணியில் யார் உள்ளே, யார் வெளியே என்பதை ஊரும் அதில்தான் வாசிக்கும், ஆட்டக்காரர்களும் அதில்தான் வாசிப்பார்கள். பத்து ஆண்டுகளாக எழுதுவது ஏசுவடியான். செய்தியின் கீழே தன் கருத்தை எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போடுவார். செயலாளரே அந்த மார்க்கைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

"நம்ம ஜெபசிங் ஆலடிக்குளம் அணிக்குப் போறான். அங்கேருந்து வின்சென்ட் இங்க வாறான். ஆளுக்கு ஆள்."

"பொறவு?"

"ஜெபசிங்குக்கு முப்பத்தொண்ணு. பின்வரிசையில நின்னு பந்தை எடுப்பான், அவ்வளவுதான். முந்தின வருஷம் நூறு சர்வீஸ் வந்தா எழுபத்தொண்ணு சுத்தமா எடுத்தான். போன வருஷம் அறுபத்தஞ்சு. இறங்குமுகம். ஸ்கோர் நோட்டை வெச்சு ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து எண்ணினேன்."

"வின்சென்ட்?"

"இருபது வயசு. ஆறடி ரெண்டங்குலம். சர்வீஸ் போட்டா பாதி பந்து பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகும். ஆனா வலைக்கிட்ட நின்னான்னா சுவரு." ஏசுவடியான் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். "சின்ன மாற்றந்தான். ஆனா நமக்கு நல்லது. பத்துக்கு ஏழு போட்டிருக்கேன். சரிதானா?"

ஆசான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இந்த முனையப் பிடியும்."

பிடித்தார். ஆசான் அடுத்த கிழிசலுக்கு நகர்ந்தார்.

"ஜெபசிங்கிட்ட சொல்லியாச்சா?"

"அஞ்சு மணிக்கு வருவான்லா. வாசிச்சுக்கிடுவான்."

ஆசான் கொஞ்ச நேரம் தைத்தார்.

"நான் ஒரு மாற்றம் சொல்லுதேன். அதுக்கு மார்க் போடும், பாப்போம்."

"சொல்லுங்க." ஏசுவடியானுக்கு இது பிடித்த விளையாட்டு.

"ஒரு கிளப். இருக்கது ஒரே ஒரு பருத்தி வலை. அதுவும் கிழிஞ்சது. பந்து மேல போச்சா, ஓட்டை வழியாப் போச்சான்னு ஆட்டத்துக்கு ஆட்டம் அடிதடி. அடுத்த ஊர்க்காரன் புது நைலான் வலை ஒண்ணு தாறேன்னான். பதிலுக்கு ஒரு ஆள் கேட்டான்."

"வலைக்கு ஆளா?" ஏசுவடியான் சிரித்தார். "ஆள் எப்படி?"

"உயரம் உண்டு. வேகம் இல்ல. களத்துல நின்னதை விட பெஞ்சுல இருந்தது கூட."

"வயசு?"

"இருபத்தாறு."

"வலை எத்தனை வருஷம் வரும்?"

"அஞ்சுன்னு சொன்னான்."

ஏசுவடியான் கண்ணை மூடி யோசித்தார். "கொடுத்திர வேண்டியதுதான் ஆசானே. வலை இல்லாம ஆட்டமே இல்ல. பெஞ்சுல இருக்கவன் போனா பெஞ்சுதான் காலி. பத்துக்கு எட்டு."

"நானும் எட்டுதான் போட்டேன்."

ஏசுவடியானின் சிரிப்பு நின்றது.

"இந்த போர்டுலயா?"

"இதே போர்டுதான். உமக்கு முன்னால எழுதினது நான்லா."

"ஆள் யாரு?"

"தபசிமுத்து. நீரு இங்க வாறதுக்குப் பத்து வருஷம் முந்தி." ஆசான் ஊசியை வலைக்குள் விட்டு எடுத்தார். "அன்னைக்குச் சாயங்காலம் வந்தான். போர்டை வாசிச்சான். ரெண்டு தடவை வாசிச்சான். நான் புது வலையை வெச்சுக்கிட்டு இங்க நிக்கேன். கட்டுறதுக்கு உயரமான ஆள் வேணும். அவனே வந்து முனையப் பிடிச்சான். கம்பு வெச்சு உயரம் அளந்து, ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டினான். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"'முடிச்சு நல்லா இறுகியிருக்கு அண்ணே'ன்னான்."

டீக்கடையில் யாரோ கண்ணாடி டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

"இது அப்படி இல்லையே ஆசானே," என்றார் ஏசுவடியான். "இது ஆளுக்கு ஆள்."

"ஆமா. வித்தியாசம் உண்டு. வின்சென்டும் அங்க ஒரு போர்டை வாசிச்சிருப்பான்."

ஏசுவடியான் கையில் இருந்த முனையைப் பார்த்தார்.

"பொறவு தபசிமுத்துவைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? பஸ் ஸ்டாண்டுல பார்ப்பேன். கல்யாண வீட்டுல பார்ப்பேன். எங்க பார்த்தாலும் ஒரே கேள்விதான். 'வலை நல்லா இருக்கா அண்ணே?'"

"குத்திக் காட்டினாரோ?"

"குத்திக் காட்டியிருந்தா எனக்குச் சமாதானமா இருந்திருக்கும் வே. அவன் நெசமாத்தான் கேட்டான். கடைசியில ஆஸ்பத்திரியில கிடந்தான், போய்ப் பார்த்தேன். மூச்சு விடவே பாடு. அப்பவும் கேட்டான்."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவேன். இருபத்தொரு வருஷமும் அதைத்தான் சொன்னேன்."

ஏசுவடியான் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஓடிப்போய் போர்டை அழிச்சிரட்டுமா?"

"அழிச்சா ஜெபசிங் இங்க இருப்பானா?"

"இருக்க மாட்டான். ரெண்டு செயலாளரும் கையெழுத்துப் போட்டாச்சு."

"அப்ப அழிச்சு?"

கோயில் முக்கில் ஒரு சைக்கிள் திரும்பியது. ஜெபசிங். கயிற்றோடு கயிறு முடிச்சுப் போட்ட இரண்டு ஷூக்களும் ஹேண்டில்பாரில் தொங்கி ஆடின. தூரத்திலிருந்தே இவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். டீக்கடையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மைதானத்துக்குள் வருவது அவன் வழக்கம்.

ஏசுவடியான் வலையின் முனையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. போர்டுப் பக்கம் போகவில்லை. சைக்கிள் வரும் சாலையைப் பார்த்து நடந்தார்.

நாலு எட்டு வைத்து, நின்று, திரும்பினார்.

"ஆசானே, அந்த வலை அத்தனை வருஷமும் நல்லாவா இருந்துச்சு?"

ஆசான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முதல் மழையிலேயே எலி கடிச்சுப் போட்டுது."